வளவில்லாமல் வளர்ந்தவர்கள்

1990 யூன் 15 அன்று மயிலிட்டி வெறித்துப்போனது. இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. பலாலிப் படைமுகாம் பக்கமிருந்து ஷெல் வந்து விழ, சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடியது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்பதுதான் அன்றைய கணக்கு. அந்தக் கரையில் ஊர்ச்சனம் மறுபடி கால் வைத்தது 2017 யூலை 3ஆம் திகதி. அன்று படைத்தரப்பு கையளித்தது துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர். இடையில் இருபத்தேழு வருடம் போய்விட்டது.

இந்த இருபத்தேழு வருடத்தை ஊரின் இழப்பாகக் கணக்கிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை வீடு, எத்தனை வள்ளம் என்று அந்தக் கணக்கு போகும். ஆளின் கணக்கு வேறு. எட்டு வயதில் ஓடிய பொடியன் முப்பத்தைந்தில் திரும்பினான். பதினெட்டில் ஓடியவள் நாற்பத்தைந்தில் வந்தாள். நாற்பதில் ஓடியவர் அறுபத்தேழில் வந்தார், அல்லது வராமலே போனார். ஒரே நிகழ்வு மூன்று வயதில் மூன்று விதமாக விழுந்திருக்கிறது. சமூகவியலில் இதையே தொழிலாகக் கொண்ட ஒரு கிளை உண்டு. எந்த வயதில், எந்த ஒழுங்கில், யாரோடு சேர்ந்து மனிதர் படிப்பை முடிக்கிறார்கள், உழைக்கத் தொடங்குகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், முதுமை அடைகிறார்கள் என்று அது கேட்கிறது. வாழ்க்கைப்போக்கு ஆய்வு என்று அதைச் சொல்லலாம். அரை நூற்றாண்டாக அது சேர்த்துவைத்திருக்கும் அறிவு மயிலிட்டிக்கு எவ்வளவு தூரம் உதவும், மயிலிட்டி அதற்கு எதைத் திருப்பிக் கொடுக்கும் என்பதே இங்கே பார்க்கப்படும் கேள்வி.

முதலில் ஊர். வலிகாமம் வடக்கின் கடலோரத்தில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே இருக்கிறது மயிலிட்டி. காணிக்கை மாதா கோயிலும் கண்ணகை அம்மன் கோயிலும் உள்ள ஊர். போருக்கு முன் நாட்டின் கடல்மீனில் ஏறத்தாழக் கால்பங்கு யாழ். மாவட்டத்திலிருந்து போனது என்பார்கள். அதில் பெருந்துறையாக நின்றவற்றுள் மயிலிட்டி ஒன்று. மூன்றரைத் தொன் படகுகள் நிறைந்த துறை, ஐஸ் போட்டுக் கொழும்புக்குப் போகும் லொறிகள், இரவில் கடலில் வரிசையாகத் தெரியும் வெளிச்சம் என்று பழையவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். அங்கே ஒரு பொடியன் பெரிய ஆளானது பிறந்தநாள் கொண்டாடியல்ல. கரையில் வலை தெரிந்து கொடுத்தான். பிறகு தகப்பனோடோ தாய்மாமனோடோ கடலுக்குப் போனான். சோளகத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும், வாடைக்காற்றில் எப்போது இறங்கக்கூடாது என்று பார்த்துப் பழகினான். அரைப்பங்கு எடுத்தவன் ஒருநாள் முழுப்பங்கு எடுத்தான். தமக்கை தங்கைமாருக்கு ஒப்பேறிய பிறகு தனக்கென்று ஒரு பெண் பார்த்தார்கள்.

பெண்ணுக்குத் திறவுகோல் வேறு. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இந்த வழக்கத்தை எழுத்தில் பதித்தது. பின்னர் 1911 கட்டளைச் சட்டம் சிலதை மாற்றியபோதும் வழக்கம் பெரிதாக அசையவில்லை. ஆக, இந்தக் கரையில் ஒருவர் வளர்ந்த ஆள் ஆவதற்கு இரண்டு தேவைப்பட்டன. ஆணுக்குப் படகில் ஒரு பங்கு, பெண்ணுக்குப் பெயரில் ஒரு வளவு. 1990 யூனில் இரண்டும் ஒரே நாளில் போயின.

இனி ஆய்வுலகம். அதன் வேர் குடிபெயர்ந்தவர்களின் கடிதக் கட்டில் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சிக்காகோவில் டபிள்யூ. ஐ. தோமசும் ஃபுளோரியான் ஸ்நானியெட்ஸ்கியும் போலந்து விவசாயிகளின் குடும்பக் கடிதங்களை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்து, 1918க்கும் 1920க்கும் இடையில் பல பாகங்களாக வெளியிட்டார்கள். ஊரில் இருக்கும் தாய்க்கும் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கும் இடையில் கடமை எப்படி நீள்கிறது, எப்படி அறுகிறது என்று அந்தக் கடிதங்கள் காட்டின. கனடாவின் ஸ்காபரோவுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் பணமும் கோபமும் ஓடிய தொலைபேசி அழைப்புகளை யாராவது எண்பதுகள் முதல் சேர்த்திருந்தால் அதற்கு ஈடான ஒரு நூல் நம்மிடமும் இருந்திருக்கும். 1928இல் கார்ல் மன்ஹைம் தலைமுறை பற்றி எழுதிய கட்டுரை அடுத்த கல். ஒரே ஆண்டில் பிறந்தால் மட்டும் ஒரே தலைமுறையாகிவிட மாட்டார்கள், இளம் வயதில் ஒரே பெருநிகழ்வுக்குள் அகப்பட்டவர்களே தலைமுறை ஆகிறார்கள் என்றார் அவர். பிரித்தானியா 1946 மார்ச்சில் ஒரு கிழமைக்குள் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரத் தொடங்கியது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது எண்பது வயது.

ஆனாலும் துறைக்கு முதுகெலும்பு கொடுத்தது கிளென் எல்டர் 1974இல் வெளியிட்ட, பெருமந்தக் காலப் பிள்ளைகளைப் பற்றிய நூல்தான். அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1920, 21இல் பிறந்த 167 பிள்ளைகளை வேறொரு நோக்கத்துக்காக 1930களின் தொடக்கம் முதல் ஆய்வாளர்கள் கவனித்து வந்தார்கள். எல்டர் அந்தப் பழைய கோப்புகளை எடுத்து, 1929க்கும் 1933க்கும் இடையில் வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்த குடும்பங்களையும் அவ்வளவு இழக்காத குடும்பங்களையும் பிரித்தார். நொடிந்த வீடுகளில் பெண்பிள்ளைகள் வீட்டுப்பாரத்தை எடுத்தார்கள், ஆண்பிள்ளைகள் வெளியே கூலிக்குப் போனார்கள், தகப்பனின் சொல் வீட்டில் எடுபடாமல் போனது. இவர்கள் கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்கவில்லை. நடுவயதில் பலர் நன்றாகவே இருந்தார்கள். பக்கத்து நகரான பேர்க்லியில் எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளை எல்டர் பின்னர் ஒப்பிட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. மந்தம் வந்தபோது ஓக்லண்ட் பிள்ளைகள் உதவக்கூடிய வயதில் இருந்தார்கள். பேர்க்லிப் பிள்ளைகள், அதிலும் ஆண்கள், தூக்கிச் சுமக்கப்பட வேண்டிய வயதில் இருந்தார்கள். அடி அவர்களுக்கே ஆழமாக விழுந்தது.

இதிலிருந்து எல்டர் சில கோட்பாடுகளை வகுத்தார். ஆள் எந்த வரலாற்றுக் காலத்தில், எந்த இடத்தில் வாழ்கிறார் என்பது ஒன்று. நிகழ்வு எந்த வயதில் வந்தது என்பது இன்னொன்று. ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது என்பதும், கட்டுண்ட நிலையிலும் ஆட்கள் தாமாகத் தெரிவு செய்கிறார்கள் என்பதும் மற்றவை. கோட்பாட்டுப் பட்டியலில் இடம் என்ற சொல் இருக்கிறது. அதைப் பின்பற்றி வந்த ஆய்வுகள் காலத்தை நுணுக்கமாக அளந்த அளவுக்கு இடத்தை அளக்கவில்லை. ஓக்லண்ட் பிள்ளை வறுமைப்பட்டது தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு. வீடே இல்லாமல் போனால் என்ன என்று கேட்கும் தேவை அங்கே எழவில்லை.

எல்டரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மயிலிட்டியைப் பார்த்தால் வயதுக் கணக்கு வேறு பொருள் தரத் தொடங்குகிறது. 1990இல் நாற்பதில் இருந்த சம்மாட்டிக்குப் போனது முதல். படகு, இயந்திரம், வலை, வாடி எல்லாம் போயின. தொழில் மட்டும் கையில் மிஞ்சியது. அவர் பொலிகண்டிப் பக்கமோ வேறு கரையிலோ யாரோ ஒருவரின் படகில் கூலியாளாக ஏறினார். பதினெட்டில் இருந்தவன் பாதி பழகிய தொழிலோடு போனான். எட்டு வயதில் இருந்தவனே பேர்க்லிப் பிள்ளை. அவன் கடலைப் பழகவேண்டிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கடலோரத்திலிருந்து பல மைல் உள்ளே, மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ முகாமில் இருந்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. தென்மராட்சிக்குப் போய், 1996இல் திரும்பி, மறுபடி முகாம். ஏ-9 பாதை மூடிய 2006 ஓகஸ்டில் இருபத்து நாலு. துறைமுகம் விடுபட்ட அன்று முப்பத்தைந்து. அவனுக்குத் தெரிந்த தொழில் மேசன் வேலையாக இருக்கலாம், வெங்காயத் தோட்டத்துக் கூலியாக இருக்கலாம், ஓட்டோவாக இருக்கலாம். மயிலிட்டியான் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொண்டாலும் மயிலிட்டிக் கடல் அவனுக்குத் தெரியாது.

பேர்க்லிப் பிள்ளைகளின் கதை அத்தோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆண்களில் பலருக்கு இராணுவ சேவை மீட்சியாக வந்தது. வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள், பயிற்சி பெற்றார்கள், முன்னாள் படையினருக்கான கல்விச் சட்டப்படி அரச செலவில் படித்தார்கள். றொபேட் சாம்ப்சனும் ஜோன் லோப்பும் இன்னும் கடினமான கூட்டத்தில் இதைக் கண்டார்கள். ஹார்வர்டின் நிலவறையில் தூசி பிடித்துக் கிடந்த, பொஸ்டன் நகரத்து 500 குற்றச்சிறுவர்களின் கோப்புகளை எடுத்து, அவர்களின் எழுபது வயது வரை பின்தொடர்ந்தார்கள். நல்ல கலியாணம், நிலையான வேலை, படைச்சேவை ஆகியவை பலரைத் திருப்பிவிட்டிருந்தன. நம் பக்கத்தில் அந்த வாய்பாடு தலைகீழ். வடக்கில் அதே வயதுப் பொடியனும் பெட்டையும் ஆயுதம் எடுத்தபோது, விரும்பிப் போனாலும் பிடித்துக்கொண்டு போனாலும், அதற்குப் பின்னால் படிப்புச் சட்டம் காத்திருக்கவில்லை. போர் முடிந்த 2009க்குப் பின் அப்படி ஆயுதம் எடுத்தவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கூடாக வந்தார்கள். சேவை செய்த ஆள் என்ற பெயரோடு அல்ல, கண்காணிக்கப்பட வேண்டிய ஆள் என்ற பெயரோடு. ஒரே வகை அனுபவம் எந்த அரசின் கீழ் நடந்தது என்பதைப் பொறுத்து ஏணியாகிறது அல்லது குழியாகிறது. இது ஆய்வு நூல்களில் இன்னும் அழுத்தமாக எழுதப்பட வேண்டியது.

அடுத்த கேள்வி ஒழுங்கு பற்றியது. பேர்னிஸ் நியூகார்ட்டன் 1960களில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரிடம் எந்த வயதில் கலியாணம் கட்ட வேண்டும், எந்த வயதில் ஓய்வு பெற வேண்டும் என்றெல்லாம் கேட்டார். பெரும்பாலோர் ஒரே விடையைச் சொன்னார்கள். சமூகம் கையில் மணிக்கூடு கட்டாமலே நேரம் பார்க்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. நம் ஊரில் அந்த மணிக்கூட்டின் பெயர் 'சனம் என்ன சொல்லும்'. 1980களில் ஜேர்மனியின் மார்ட்டின் கோலி இன்னொன்றைச் சேர்த்தார்: நவீன வாழ்வின் படிகளை உறவுக்காரரைவிட அரசே அதிகம் வகுக்கிறது, பள்ளிக்கூடம், வேலைச்சட்டம், ஓய்வூதியம் என்ற மூன்று பெட்டிகளாக வாழ்க்கையைப் பிரித்துவைத்திருக்கிறது என்றார். கடற்றொழிலாளிக்கு ஓய்வூதியப் பெட்டி ஏது என்று ஒரு மயிலிட்டியார் கேட்டிருப்பார். ஆனால் முதல் பெட்டி இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களிலும், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டியலில் இருந்த வருடங்களிலும், சோதனை நடந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற மூன்று படியும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருந்தன. குப்பிவிளக்கில் படித்தார்கள், பங்கருக்குள் படித்தார்கள். அந்தப் பிடிவாதத்தைக் கல்விமோகம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறார்கள். மற்ற எல்லா மணிக்கூடும் நின்றுபோன இடத்தில் ஓடிய ஒரே மணிக்கூடு அதுதான். காணி இல்லை, கடல் இல்லை, பயணத்துக்கு அனுமதி இல்லை. பதினாறு வயதில் சாதாரண தரம் மட்டும் இருந்தது. பிள்ளை வளர்கிறது என்று முகாமில் இருந்த தாய்க்குக் காட்டிய ஒரே அடையாளமும் அதுவே.

அந்த மணிக்கூட்டை அரசு கையாண்டபோது என்ன ஆனது என்பதற்கு முந்திய தலைமுறையே சாட்சி. 1970களின் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக வாசலில் நின்றவர்களின் அடுத்த படியை உருவிவிட்டன. பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒரே பெருநிகழ்வுக்குள் அகப்பட்ட அவர்கள் மன்ஹைம் சொன்ன பொருளில் முழுமையான தலைமுறை. அதன் அரசியல் விளைவை விளக்கத் தேவையில்லை.

ஒழுங்கு குலைவது போர்நிலத்துக்கு மட்டும் உரியதென்று நினைக்கவும் கூடாது. அமெரிக்காவில் 1972இல் உயர்பள்ளி முடித்தவர்களின் அடுத்த எட்டு வருடத்தை றொனால்ட் றின்ட்ஃபசும் கூட்டாளிகளும் 1987இல் ஆராய்ந்தார்கள். படிப்பு, வேலை, கலியாணம் என்ற நேரான ஒழுங்கில் போனவர்கள் பாதிக்கும் குறைவு. நடந்தவற்றை விவரிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு வரிசைகள் தேவைப்பட்டன. 2000ஆம் ஆண்டில் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே தேடலுக்கான தனிப்பருவம் ஒன்று உருவாகிவிட்டது என்றார். வீட்டில் சோறு, கையில் பல்கலைக்கழக அனுமதி, ஊர் சுற்ற நேரம் உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு அந்த வருடங்கள் தேடல் அல்ல, காத்திருப்பு. அல்சின்டா ஹொன்வானா மொசாம்பிக், செனகல், தென்னாபிரிக்கா, துனீசியா ஆகிய நாடுகளின் இளைஞர்களைக் கேட்டு 2012இல் எழுதிய நூல் அதைத்தான் காட்டியது. வேலை இல்லாததால் வீடு கட்ட முடியாது, வீடு இல்லாததால் கலியாணம் இல்லை, கலியாணம் இல்லாததால் ஊர் அவர்களை ஆளாக மதிப்பதில்லை. வட இந்தியாவின் மீரட்டில் பட்டம் பெற்றுத் தேநீர்க் கடையில் நேரம் போக்கிய இளைஞர்களைக் கிரெய்க் ஜெஃப்ரி 2010இல் எழுதியிருந்தார்.

மயிலிட்டிக்கு ஹொன்வானாதான் கிட்டத்தில் வருகிறார். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் சந்தித்த இளைஞர்கள் சந்தையும் அரசும் கைவிட்டதால் காத்திருந்தார்கள். மயிலிட்டியார் முள்ளுக்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தங்கள் காணி இருந்ததால் காத்திருந்தார்கள். உறுதி கையில் இருந்தது. வேலியும் கண்ணுக்குத் தெரிந்தது. 'இந்த வருடம் விடுவார்கள்' என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்தது. பாராளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராசா காணிகளை விடக்கோரி 2003இல் உயர்நீதிமன்றம் போனார். 2013 ஏப்ரிலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்குப் போட்டார்கள். வராது என்று தெரிந்த பொருளுக்குக் காத்திருப்பவன் வேறு வழி பார்ப்பான். வரும் வரும் என்று சொல்லப்படுவதற்குக் காத்திருப்பவன் எந்த முடிவையும் எடுக்க முடியாமல் நிற்பான். வேறிடத்தில் காணி வாங்குவதா? வாங்கினால் ஊர்க்காணியைக் கைவிட்டதாகிவிடுமா? மகளுக்குச் சீதனம் எழுதும்போது இராணுவம் இருக்கும் காணியை எழுதலாமா, மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்களா? இந்தக் கேள்விகள் குசினியில் கேட்கப்பட்டவை. எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கலியாணம் பிந்தியதையெல்லாம் போரின் தலையில் கட்டக்கூடாது. இலங்கைப் பெண்களின் சராசரித் திருமண வயது 1981 குடிக்கணக்கிலேயே 24ஐத் தாண்டியிருந்தது. பெண்கல்வியும் சீதனச் சுமையும் போருக்கு முன்பே தம் வேலையைச் செய்துவிட்டன. இன்னொரு பக்கம், அதே போர் கலியாணத்தை முந்தவும் வைத்தது. 2006க்குப் பின் வன்னியில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு பதினேழு வயதிலேயே அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். ஒரே போர், அறுபது மைல் இடைவெளியில், ஒருத்தியைப் பிந்த வைத்து இன்னொருத்தியை முந்த வைத்தது. காமரூனில் ஆய்வு செய்த ஜெனிஃபர் ஜோன்சன்-ஹாங்ஸ் 2002இல் முன்வைத்த வாதம் இதற்குப் பொருத்தம். வாழ்க்கை நிலையான படிகளாக நகர்வதில்லை, எல்லாம் ஒருங்கே நிச்சயமற்றுப்போகும் சந்திகளில்தான் திரும்புகிறது என்றார் அவர்.

எல்டரின் பின்னிய வாழ்வுகள் என்ற கருத்துக்கு யாழ்ப்பாணத்தைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பது கடினம். அமெரிக்க ஆய்வுகளில் அது பெரும்பாலும் கணவன் மனைவி, பெற்றார் பிள்ளை என்ற அளவில் நிற்கும். இங்கே ஒரு தமையனின் கலியாணம் மூன்று தங்கைமாரின் கலியாணத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. சீதனத்துக்கு வளவு இல்லையென்றால் காசு வேண்டும். காசுக்கு ஒருவன் வெளிநாடு போக வேண்டும். ஏஜென்சிக்குக் கட்ட இருக்கிற நகையை விற்க வேண்டும். போனவன் கடன் அடைத்து, அக்காவை ஒப்பேற்றி, தம்பியைக் கூப்பிட்டு முடிக்க முப்பத்தைந்தைத் தாண்டிவிடுவான். பாரிசில் சமையலறையில் நின்று அவன் கழித்த இளமையின் விளைவு சுன்னாகத்தில் ஒரு தங்கையின் கழுத்தில் ஏறும். இவனை எந்தப் பருவத்தில் வைப்பது? இருபது வயதிலேயே குடும்பத் தலைவன், நாற்பது வயதிலும் கலியாணம் ஆகாத பொடியன்.

சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட, இலங்கைத் தமிழரின் எல்லை கடந்த திருமணங்கள் பற்றிய நூல் இந்த இடத்தில் தவிர்க்க முடியாதது. போரால் சிதறிய குடும்பங்கள் கலியாணம் மூலம் எதிர்காலத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்ததை அவர் தரகர்களிடமும் திருமண மண்டபங்களிலும் விசாக் கோப்புகளிலும் தேடிப் பார்த்திருக்கிறார். கனடாவிலிருந்து மாப்பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்ணும் இந்தியாவில் சந்தித்துத் தாலி கட்டிய காலம் அது. கலியாண அல்பம் உறவினர் பார்க்க மட்டும் எடுக்கப்பட்டதல்ல, இது உண்மைக் கலியாணம்தான் என்று தூதரக அதிகாரி நம்புவதற்காகவும் எடுக்கப்பட்டது. கோலி சொன்ன அரசு இங்கே கூறைச்சேலை வரைக்கும் வந்துவிட்டது.

வீடு பற்றி எழுதியவர்களில் முதலிடம் ஷரிகா திராணகமவுக்கு. 2011இல் வந்த அவரது நூல் 1990 ஒக்ரோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத் தமிழரையும் ஒருசேரப் பேசுகிறது. தாயிடமிருந்து மகளுக்குப் போகவேண்டிய வீடு நடுவில் இல்லாமல் போகும்போது தாய்க்கும் மகளுக்கும் இடையே என்ன மிஞ்சுகிறது என்று அவர் கேட்டார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் எந்த அளவில் ஊர் என்றும் கேட்டார். இரண்டும் மயிலிட்டிக்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றன. மயிலிட்டியார் முகாமில் இருந்ததைப் பேசும்போது, அதே வருடம் நான்கு மாதம் கழித்து இரண்டு மணிநேர அவகாசத்தில் துரத்தப்பட்ட அயலவரின் இழப்பையும் அருகில் வைத்துத்தான் பேச வேண்டும். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இலும் 2014இலும் எழுதிய நூல்களும் இதே திசையில் போகின்றன. காயம் தனியாளின் மனதில் மட்டும் இல்லை, குடும்பம், அயல், ஊர் என்ற பின்னலிலும் விழுந்திருக்கிறது என்பது அவர் பல்லாண்டு யாழ்ப்பாணத்தில் நோயாளரைப் பார்த்துக் கண்ட முடிவு.

முகாமை ஒருதரம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கோணாப்புலம், நீதவான், கண்ணகி, சபாபதிப்பிள்ளை என்று மல்லாகம், சுன்னாகம் பக்கம் இருந்த நலன்புரி நிலையங்கள் பல தனியார் காணிகளில் அமைந்தவை. தகரக் கூரை, மண்சுவர் அல்லது தறப்பாள் மறைப்பு, பொதுக்கிணறு, பொதுக்கக்கூசு. 1990இல் ஒரு குடும்பமாக வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே கலியாணம் முடித்தபோது அதே கொட்டிலுக்குப் பத்தி இறக்கினார்கள், அல்லது நடுவில் சேலையால் மறைத்தார்கள். பிரதேச செயலகப் பதிவில் அவர்களுக்கு உப குடும்பம் என்று பெயர். இரண்டு பிள்ளைக்குத் தகப்பனானவன் நிவாரணக் கணக்கில் தகப்பனின் பதிவுக்குள்தான் இருந்தான். வளர்ந்த ஆளாவது என்பது ஓரிடத்தில் அரசுப் படிவத்தின் பெட்டி ஒன்றாகவும் இருக்கிறது. அந்தப் பெட்டி இல்லையென்றால் வீட்டுத்திட்டமும் இல்லை. 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்று நூறு வீடுகள் கொடுக்கப்பட்டபோதும், காணி விடப்பட்டபோதும், உப குடும்பங்களுக்கு எழுந்த சிக்கல் இதுவே. தாத்தாவின் இரண்டு பரப்பு வளவு திரும்பி வந்தாலும் அதற்கு இப்போது மூன்று தலைமுறை உரித்தாளர்.

திரும்பியவர்கள் கண்டதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளுக்கு அத்திவாரமும் மிஞ்சவில்லை. கிணற்றையும் பழைய மரத்தையும் வைத்து வளவைக் கண்டுபிடித்தார்கள். 2018 ஏப்ரிலில் வலிகாமம் வடக்கில் இன்னும் 683 ஏக்கர் விடப்பட்டது, 2019 ஓகஸ்டில் புதுப்பித்த துறைமுகம் திறக்கப்பட்டது, 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அனுர குமார திசாநாயக்க வந்து மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்தார். ஆனால் துறை முழுதாகச் சொந்தக்காரருக்கு வரவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபடும் தமிழகத்து றோலர்களைக் கடற்படை கொண்டுவந்து கட்டுவது இங்கேதான். 2017 யூலையில், மயிலிட்டி விடுபட்ட அதே மாதம், இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்தும் வலை அறுபடுவது நிற்கவில்லை. இருபத்தேழு வருடம் கழித்துத் தொழிலுக்கு வந்தவன் கடன்பட்டு வாங்கிய வலையை ஒரே இரவில் இழக்கிறான். முகாமில் பிறந்து முகாமில் சாதாரண தரம் எடுத்த பிள்ளைக்கு இந்தக் கடலில் இறங்கும் ஆசை ஏன் வரவேண்டும்? பழையவர்கள் கோயில் கொடிக்கு வருகிறார்கள், இளையவர்கள் மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் வேலைக்குப் போய்வர வசதியான இடத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மீள்குடியேற்றக் கணக்கில் இரு சாராரும் மீளக்குடியேறியவர்களே.

ஆக, இதுவரை பார்த்ததில் என்ன தேறுகிறது? வயதே அடியின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது என்ற எல்டரின் முடிவு இங்கே நிற்கிறது. வாழ்வுகள் பின்னிக் கிடக்கின்றன என்பது எல்டர் எழுதியதைவிடப் பல மடங்கு உண்மை. தேடல் பருவம் என்ற ஆர்னெட்டின் கருத்தை இந்தக் கரையில் கொண்டுவந்து வைக்க இடமில்லை. காத்திருப்புக் கோட்பாடு பாதி பொருந்துகிறது. காணி என்ற பொருளை வாழ்க்கைப்போக்கு ஆய்வு இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. தொழில், படிப்பு, கலியாணம் என்று பிரித்து எழுதும் அதன் பட்டியலில் வளவு தனிநிரலாக இல்லை. மயிலிட்டியில் மற்ற மூன்றும் தொங்கியது அந்த ஒன்றில்தான்.

இதையெல்லாம் உறுதியாகச் சொல்லத் தேவையான தரவு மட்டும் இல்லை. 1981க்குப் பின் யாழ். மாவட்டத்தில் முழுமையான குடிக்கணக்கு எடுக்கப்பட்டது 2012இல். 1991இல் நாடு முழுதும் இல்லை, 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக நடந்தது, அதில் யாழ்ப்பாணம் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றுவிடும். அவ்வளவும் எண்ணப்படாமல் நடந்தது.

அயலில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நேபாளத்தின் சித்வான் பள்ளத்தாக்கில் வில்லியம் அக்ஸினும் தீர்க்க கிமிரேயும் 1996இல் தொடங்கிய ஆய்வு 151 அயல்களைத் தெரிந்தெடுத்து, பிறப்பு, இறப்பு, கலியாணம், பெயர்வு எல்லாவற்றையும் மாதாமாதம் பதிந்தது. மாவோயிஸ்டுப் போர் நடந்த வருடங்களிலும் பதிவு நிற்கவில்லை. ஆகவே எந்தக் கலவரத்துக்குப் பிறகு யார் ஊரை விட்டார்கள், யார் நின்றார்கள் என்று பின்னர் பார்க்க முடிந்தது. மயிலிட்டிக்கு அந்த வாய்ப்புத் தவறிவிட்டது. ஆனால் அதே குழு பயன்படுத்திய இன்னொரு கருவி இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. வாழ்க்கை நாட்காட்டி என்று அதைச் சொல்லலாம். ஒரு பெரிய தாளில் குறுக்கே வருடங்கள், நெடுக்கே இருப்பிடம், படிப்பு, தொழில், கலியாணம், பிள்ளைகள். ஆளுக்குத் திகதி ஞாபகம் இருக்காது, நிகழ்வு ஞாபகம் இருக்கும். இந்தியன் ஆமி வந்தது, 90 இடப்பெயர்வு, 95 இடப்பெயர்வு, சமாதான காலம், சுனாமி, பாதை பூட்டியது, காணி விட்டது என்று முளையடித்துக்கொண்டால் நடுவில் உள்ளதை அவர்களே நிரப்பிவிடுவார்கள். வளவு என்று ஒரு நிரலையும் சேர்த்துவிட்டால் நம் ஊருக்கான கருவி தயார்.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைச் சில வருடங்களுக்கு இந்த ஒன்றுக்கே திருப்பினால் போதும். மயிலிட்டியிலிருந்தும் தையிட்டி, பலாலி, ஊறணியிலிருந்தும் ஆயிரம் தாள் சேர்ந்துவிடும். ஸ்காபரோவிலும் பாரிசின் லாச்சப்பலிலும் உள்ள ஊர்ச்சங்கங்கள் தங்கள் பக்கத்துத் தாள்களை நிரப்பலாம். கோயில் திருப்பணிக்குக் காசு சேர்க்கும் அதே கைகளுக்கு இது கடினமான வேலை அல்ல. 1990இல் நாற்பது வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இருந்துதான் தொடங்க வேண்டும், இந்த வருடமே.